ஓசூரில் 18,500 ரூபாய் சம்பளம், 20-ஆம் தேதிக்கு மேல் கைமாற்று: இதில் சேமிப்புக்கு இடம் இருக்கிறதா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 27. சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். வேலை ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில், ஒப்பந்ததாரர் மூலம். மனைவி, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 18,500. "20-ஆம் தேதிக்கு மேல் யாரிடமாவது வாங்கித்தான் ஓட்டுகிறேன். சம்பளத்தில் 20 சதவீதம் சேமிக்கணும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். என்னால் முடியுமா? முடிந்தால் சீட்டா, ஆர்.டி.யா (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு)? கூட வேலை பார்ப்பவர்கள் தவணையில் மனை வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?" செலவுக் கணக்கையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். பாதிப் பேர் அதைச் செய்வதில்லை.

நான் ஓசூரில் பல ஆண்டுகள் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருந்தவன். யார் எந்தத் தேதியில் அட்வான்ஸ் கேட்டு வந்து நிற்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஊதாரியாகச் செலவழித்து அப்படி வந்து நின்றவர்கள் மிகக் குறைவு. அதனால் "டீ, சினிமாவைக் குறை" என்கிற அறிவுரை இங்கே கிடைக்காது.

சரி, கணக்கு. வாடகை 4,500, கரண்ட் 400, ஊருக்கு அனுப்புவது 3,000, மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 5,500, வண்டித் தவணை 2,800, போன் தவணை 1,300, பெட்ரோல் 1,200. கூட்டினால் 18,700. இதற்கு மேல் அப்பாவின் ஆபரேஷனுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிய 20,000-க்கு மாதம் 600. ஆக 19,300. மாதம் பிறக்கும்போதே 800 ரூபாய் துண்டு விழுகிறது. ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) கிடைக்கும் மாதத்தில் அது அடைகிறது, கிடைக்காத மாதத்தில் கைமாற்று.

இதுவரை உங்களுக்கே தெரிந்ததுதான். ஆண்டுக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். பொங்கல், ஊர் மாரியம்மன் பண்டிகை, ஆடி பதினெட்டு, தீபாவளி, வண்டி இன்சூரன்ஸ், தை, வைகாசி, ஆவணியில் வரும் கல்யாண மொய், இனி குழந்தையின் பள்ளிச் செலவு. சிக்கனமாகப் போட்டாலும் 30,000 ஆகும். இவற்றை எல்லோரும் "திடீர்ச் செலவு" என்கிறோம். தீபாவளி எந்த வருஷம் திடீரென்று வந்தது?

ஆண்டு வரவு: சம்பளம் 2,22,000. ஓ.டி. மாதம் சராசரி 1,500 என்றால் 18,000. போனஸ் 10,000 என்று வைப்போம். மொத்தம் 2,50,000. செலவு: 19,300 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 2,31,600, அதோடு அந்த 30,000, ஆக 2,61,600. பற்றாக்குறை 11,600. இப்போது அந்தச் செலவில் இரண்டே வரிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். வட்டி ஆண்டுக்கு 7,200. போன் தவணை 15,600. இரண்டும் இல்லாமல் இருந்தால் இதே சம்பளத்தில், இதே வாடகையில், ஊருக்கு அனுப்புவதில் ஒரு ரூபாய் குறைக்காமல், 11,200 மிச்சம் இருந்திருக்கும். அப்படியானால் உங்கள் நிலைமைக்குச் சம்பளத்தின் அளவு ஒரு காரணம்தான். போன வருஷத்துச் செலவை இந்த வருஷத்துச் சம்பளம் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பெரிய காரணம். அந்த வரிசையை மாற்றுவதுதான் உங்களுக்கு முதல் சேமிப்பு. 20 சதவீதம், ஆறு மாதச் செலவுக்கான நிதி எல்லாம் அப்புறம். அந்த வீடியோக்காரர்கள் மனதில் இருப்பது பெங்களூரு ஐ.டி. சம்பளம். எலக்ட்ரானிக் சிட்டி ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் அந்தக் கணக்கு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வராது.

இன்னொன்று, நீங்கள் ஏற்கெனவே சேமித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்கள் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 12 சதவீதம், 1,800 ரூபாய், பி.எஃப்.புக்கு (வருங்கால வைப்பு நிதிக்கு) போகிறது. முதலாளி தரப்பில் இன்னொரு 1,800. அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்கும் 550 உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகும். ஆக மாதம் 2,350 உங்கள் பேரில் சேர்கிறது. 2024-25-க்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்தார்கள். தபால் நிலையத்திலோ வங்கியிலோ சாதாரண வைப்புக்கு இவ்வளவு வட்டி கிடைக்காது. ஐந்து வருஷம் தொடாமல் இருந்தால் வட்டியோடு ஒன்றே முக்கால் லட்சத்தை நெருங்கும்.

ஆனால் ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்ன செய்கிறார்கள்? ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடுகிறார்கள். 40 ஆயிரம், 50 ஆயிரம் கைக்கு வரும். வண்டியாகவோ ஊர்ப் பண்டிகையாகவோ கரையும். மறுபடி பூஜ்யம். பத்து வருஷம் வேலை பார்த்தும் கணக்கில் 30,000 கூட இல்லாதவர்களின் பாஸ்புக்கை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து ஆண்டு தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் அந்தத் தொகை வரிக் கணக்கில் வேறு வரும். ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் புதிதாக ஒரு யு.ஏ.என். எண் (பி.எஃப். உறுப்பினர் எண்) உருவாக்கியிருந்தால் பணம் இரண்டு மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். உமங் என்கிற அரசுச் செயலியில் உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, மாதா மாதம் வரவு விழுகிறதா, பழைய இடத்துப் பணம் இதே எண்ணுக்கு மாறியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டு பி.எஃப். அலுவலகத்தில் கட்டாத ஒப்பந்ததாரர்களும் உண்டு.

அடுத்தது அந்த 20,000. ஆபரேஷன் தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது என்கிறீர்கள். நடந்தது நடந்துவிட்டது, ஆனால் இன்னொரு முறை வரக்கூடாது. உங்கள் மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம்தான், 150 ரூபாய் சொச்சம். அதற்கு உங்களுக்கு மட்டுமில்லாமல் மனைவி, குழந்தை, உங்களைச் சார்ந்திருக்கிற குறைந்த வருமானமுள்ள பெற்றோருக்கும் சிகிச்சை கிடைக்கும். ஆனால் அவர்கள் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். ஓசூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. நீங்களே நோயில் படுத்தாலும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் தருவார்கள். ஊரில் அப்பா, அம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. நம் பக்கத்துக் குடும்பங்கள் கடனில் விழுவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலில்தான்.

மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று, ஆண்டுக்கு 36 சதவீதம். ஆறு புள்ளி சொச்சம் கொடுக்கும் ஆர்.டி.யைத் தொடங்கிவிட்டு 36 கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை. கையில் அவசரத்துக்கு 5,000 சேரும் வரை சேருங்கள். அதற்கு மேல் வருவதெல்லாம் இந்தக் கடனுக்கு. 5,000-ஐ ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எல்லாவற்றையும் கடனில் போட்டுவிட்டுக் கை காலியாக நின்றால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் அதே ஆளிடம் திரும்பப் போவீர்கள். போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடச் சீக்கிரமான வழி ஒன்று இருக்கிறது. மனைவியிடம் இரண்டு பவுன் செயின் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வைத்து 20,000 வாங்கி, மூன்று வட்டியை ஒரே நாளில் அடைக்கலாம். அங்கே வட்டி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய்க்குள் முடியும். 600 போன இடத்தில் 200 போகும். அந்த 400-ஐயும் சேர்த்து அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போவது, நோட்டீஸ் வந்த பிறகு அலறுவது என்று போகிறவராக இருந்தால் இந்த வழி வேண்டாம். நகை அவருடையது, முடிவும் அவருடையது. அவர் வேண்டாம் என்றால் போனஸ் வரை பொறுங்கள்.

போனஸ் பற்றி ஒரு வார்த்தை. குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கணக்கிட எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் முழு மாதச் சம்பளமாகக் கைக்கு வராது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு, கேட்டு வாங்குங்கள். ஓசூரில் ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரை போன் கடைகளும் வண்டி ஷோரூம்களும் எப்படிப் பொங்கி வழிகின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் போன் தவணையும் அப்படி ஒரு அக்டோபரில் தொடங்கியதாகத்தான் இருக்கும்.

அந்தப் போன் தவணை இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது. எனக்கு உங்கள் கணக்கில் மிகவும் பிடித்த வரி அதுதான். ஆறாவது மாதமும் அதே தேதியில் அந்த 1,300 உங்கள் கணக்கிலிருந்து போகட்டும், உங்களுடைய இன்னொரு கணக்குக்கு. ஐந்து மாதமாக அது இல்லாமல்தானே குடும்பம் ஓடியிருக்கிறது. வண்டித் தவணை முடியும்போது 2,800-க்கும் இதே ஏற்பாடு. சம்பளம் உயரும் வரை காத்திருப்பவர்களுக்குச் சேமிப்பு வருவதில்லை, சம்பளம் உயரும்போது வாடகையும் கூடவே ஏறிவிடும். தவணை முடிகிற மாதம்தான் வாய்ப்பு. கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் கடைசித் தவணைக்கு முன்பே "உங்களுக்குப் புதுக் கடன் தயார்" என்று மெசேஜ் வந்துவிடுகிறது.

இதோடு ரேஷன். குடும்ப அட்டை பெற்றோருடன் சேர்ந்து ஊரில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். ஓசூரில் தனிச் சமையல், தனி வீடு என்றால் தனி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கடை விலையோடு ஒப்பிட்டால் மளிகையில் மாதம் ஐந்நூறாவது குறையும். ரேஷன் அரிசி சாப்பிடுவதா என்று ஓசூர் வந்ததும் சிலருக்குக் கௌரவம் வந்துவிடும். இட்லிக்குப் போட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். (அந்தத் திட்டத்துக்கு மனு வாங்கும் முகாமையே 2023 ஜூலையில் நம் தொப்பூரில்தான் முதல்வர் தொடங்கிவைத்தார்.) புளி, மாங்காய் வருமானம் வரும் மாதங்களில் ஊருக்கு 2,000 அனுப்பி, ஆடியில் விதைப்புக்குக் கை கடிக்கும்போது 4,000 அனுப்பலாமா என்று அப்பாவிடம் பேசிப் பாருங்கள். ஆண்டுத் தொகை குறைய வேண்டியதில்லை, இருவருக்கும் தோதான மாதத்தில் போகும். பேசினால் பெரும்பாலும் அவர்களே "எங்களுக்கு இப்போ வேண்டாம், நீ வெச்சுக்கோ" என்பார்கள்.

இவையெல்லாம் சேர்ந்து எதை நோக்கிப் போக வேண்டும் என்றால், ஒரு மாதச் செலவு கையில் நிற்க வேண்டும். உங்களுக்குச் சம்பளம் 7-ஆம் தேதி. வட்டிக்காரர் 1-ஆம் தேதி வருகிறார், வீட்டுக்காரர் 5-ஆம் தேதி கேட்கிறார். அந்த ஆறு நாளைக்காகத்தான் பாதிக் கைமாற்று. 18,500 தனியாக ஒரு கணக்கில் சேர்ந்துவிட்டால், இந்த மாதச் சம்பளத்தை அடுத்த மாதம்தான் எடுப்பீர்கள். ஓ.டி. இல்லாத மாதம் முன்கூட்டியே தெரிந்துவிடும், 20-ஆம் தேதி என்பது மற்ற தேதிகளைப் போல ஆகிவிடும். இதற்கு ஒன்றரை வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். ஆகட்டும்.

இப்போது சீட்டா, ஆர்.டி.யா. அவசரத்துக்கான முதல் 5,000-ஐ இரண்டிலுமே போடாதீர்கள். கேட்ட அன்றைக்கு எடுக்க முடிய வேண்டும். தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு போதும், வட்டி 4 சதவீதம். ஜிபே, போன்பேவில் சேர்க்காத கணக்காக இருப்பது முக்கியம். ஆண்டுச் செலவு 30,000-க்கு வங்கியில் பன்னிரண்டு மாத ஆர்.டி. ஒன்று, முடிந்தவரை, 1,000 ரூபாயாக இருந்தாலும் சரி, புரட்டாசியில் முடிகிற மாதிரி. தபால் நிலைய ஆர்.டி. ஐந்து வருஷத் திட்டம், 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவீதம், மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் முடிக்க முடியாது, ஒரு வருஷம் கட்டிய பிறகு பாதி வரை கடன் எடுக்கலாம். அது இரண்டாம் கட்டத்துக்கு. குழந்தையின் பெயரில் செல்வமகள் கணக்கு மட்டும் இப்போதே 250 ரூபாயில் திறந்துவிடுங்கள். வட்டி 8.2 சதவீதம், ஆண்டுக்கு 250 கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும். கை நிமிர்ந்ததும் கூட்டிக்கொள்ளலாம்.

சீட்டை நான் முழுக்கத் தள்ளுபவன் இல்லை. மாதம் பிறந்தால் கட்டியே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் அதில் இருக்கிறது, பலருக்குச் சேமிக்கத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஏலச்சீட்டில் முதல் மாதங்களிலேயே தொகையைக் குறைத்து ஏலம் கேட்டு எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். இதில் நீங்கள் யார் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு சேர வேண்டும். நடத்துபவர் கழிவு 7 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. 1982-ஆம் ஆண்டு சிட்பண்ட் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். கம்பெனிக்குள்ளே லைன் லீடர் நடத்துகிற சீட்டு, நல்ல மனிதர்தான், ஆனால் அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியாமல் போகும். தீபாவளிச் சீட்டு என்பது உங்கள் பணத்தை ஒரு வருஷம் வட்டியில்லாமல் கொடுத்துவைத்து, ஸ்வீட் பாக்ஸும் எவர்சில்வர் பாத்திரமும் வாங்கிக்கொள்வது. வேண்டாம்.

உங்கள் மனைவி குழுவில் சேரலாமா என்று யோசிப்பதாகக் கடைசியில் ஒரு வரி இருந்தது. எந்தக் குழு என்று பாருங்கள். இந்த மாநிலத்தில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-இல் தொடங்கியதே தர்மபுரி மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரி அப்போது அதில் அடக்கம். உறுப்பினர்கள் தாங்களே மாதம் நூறு, இருநூறு சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, பிறகு வங்கிக் கடன் வாங்குகிற குழு அது. தேசிய ஊரக வாழ்வாதாரத் திட்டத்தில் 3 லட்சம் வரையிலான வங்கிக் கடனுக்கு 7 சதவீத வட்டிதான். அதில் தாராளமாகச் சேரட்டும். பத்துப் பெண்களை உட்காரவைத்துப் போட்டோ எடுத்து, ஆளுக்கு 40,000 கொடுத்து, வாரா வாரம் வசூலுக்கு வருகிற தனியார் நிதி நிறுவனக் கடனையும் நம் ஊரில் "குழு" என்றுதான் சொல்கிறார்கள். அங்கே சேமிப்பே கிடையாது, வட்டி 20 சதவீதத்துக்கு மேல் போகும், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். உங்கள் வீட்டுக்கு இப்போது இது ஆகாது.

தண்டலும் அப்படித்தான். 9,000 கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குவார்கள். "ஆயிரம் ரூபாய்தானே" என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கு மேல் வட்டி. போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்களைப் பற்றி எழுதவே வேண்டாம், இருந்தால் அழித்துவிடுங்கள்.

வங்கியில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும் இருக்கின்றன. தினம் பைக்கில் சிப்காட் போகிறவர் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

மனை. மாதம் 3,000 கட்டினால் ஐந்து வருஷத்தில் உங்கள் பெயருக்கு என்கிறார்கள். 800 துண்டு விழுகிற கணக்கில் 3,000 எங்கிருந்து வரும்? மூன்று வட்டியிலிருந்துதான் வரும். அதோடு தவணை முடியும் வரை பத்திரம் அவர்கள் பெயரில் இருக்கும். நடுவில் நான்கு மாதம் கட்டாவிட்டால் கட்டியதெல்லாம் என்ன ஆகும் என்று அவர்கள் கொடுத்த தாளில் பாருங்கள். மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணும், விற்பதற்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இருந்தாலும் இப்போது வேண்டாம். வண்டித் தவணையும் முடிந்து, ஒரு மாதச் சம்பளம் தனிக் கணக்கில் நிற்கிற நாளில், அந்த 4,100 ரூபாயோடு இதே கேள்வியை மறுபடி கேளுங்கள். அப்போது வேறு பதில் சொல்வேன்.